பரணில் கிடைத்த மடக்குக் கத்தி: ஒரு பழைய கருவியின் பயனை இனங்கண்ட நிகழ்வு

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தில், காவிரியின் கிளையாறு ஒன்றை ஒட்டிய ஊர். நாட்டு ஓடு வேய்ந்த, முற்றம் வைத்த வீடு. உத்தரம் இற்றுப்போய் ஒரு பக்கம் இறங்கிவிட்டதால், பிரித்துவிடுவது என்று குடும்பத்தார் முடிவு செய்திருந்தார்கள். சாமான்களை இறக்கிப் பங்கு பிரிக்கும் பொறுப்பு வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மூத்தவரிடம் இருந்தது. இந்தப் பதிவில் அவரை வீட்டுக்காரர் என்றே குறிப்பிடுகிறேன்.

அடுக்களைக்கு மேலே இருந்த பரணிலிருந்து நெல் அளக்கும் மரக்கால், படி, வெண்கலப் பானை, உடைந்த ஊஞ்சல் சங்கிலி என்று ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றோடு வந்த மரப்பெட்டி ஒன்றுக்குள், எண்ணெய்ச் சிக்கு ஏறிய துணியில் சுற்றியபடி, பித்தளைக் கைப்பிடி போட்ட சிறிய மடக்குக் கத்தி இருந்தது. வேலையாள்கள் அதை அரிவாள்மனை, பாக்குவெட்டி, தேங்காய்த் துருவியோடு சேர்த்து இரும்புச் சாமான் குவியலில் போட்டுவிட்டார்கள். பெட்டியும் துணியும் வேறு மூலைக்குப் போய்விட்டன.

பழைய வீட்டுப் புழங்குபொருள்களைப் படமெடுத்து, அளந்து, குறிப்பெழுதி வைப்பது என் வேலை. வீட்டுக்காரர் என்னை அழைத்தது மரக்காலையும் படியையும் பதிவு செய்ய. கத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது, பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதற்கு மட்டும் தனியாக விலை சொன்ன பிறகுதான்.

சொல்லப்பட்ட விளக்கங்கள்

வியாபாரி அதை வெள்ளைக்கார வைத்தியரின் கத்தி என்றார். கைப்பேசியில் படத்தேடல் செய்து காட்டவும் செய்தார். திரையில் வந்தவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட குருதி வடிக்கும் கருவிகள். குதிரைக்கும் மாட்டுக்கும் நாளத்தைத் திறந்து இரத்தம் வெளியேற்றப் பயன்பட்டவை. அவற்றுக்கும் பித்தளைக் கூடு உண்டு, அலகு மடங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பேனாக்கத்தி என்றார் ஒருவர். வெற்றிலைக் காம்பு கிள்ளவும் பாக்குச் சீவவும் தாத்தா வைத்திருந்தது என்றார் இன்னொருவர். வீட்டுக்காரரின் தம்பிக்கு அது பாளை சீவும் கத்தியாக இருக்கலாம் என்று தோன்றியது. பனையேறிகள் பாளை சீவும் அரிவாள் மெல்லிய, அகன்ற, வளைந்த அலகு கொண்டது. தாள் போலச் சீவுகிற கூர்மை அதற்கு வேண்டும். இரண்டு விரல் நீளமுள்ள நேர் அலகால் அந்த வேலை ஆகாது. அதனால் இந்த ஒன்றை மட்டும் அன்றே தள்ளிவிட முடிந்தது.

முதல் முடிவு: தொடாமல் வைப்பது

வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சாணை பிடிப்பதும் எண்ணெய் பூசுவதும்கூட அப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு கருவி என்ன வேலை செய்தது என்பது அதன் தேய்மானத்திலும், இடுக்குகளில் தங்கிய அழுக்கிலும்தான் இருக்கும். புளி அந்த அழுக்கைக் கரைத்துவிடும்; சாணைக்கல் தேய்மானத்தை அழித்துவிடும். அதன் பிறகு மிஞ்சுவது உருவம் மட்டும். வெறும் உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வியாபாரியின் விளக்கமே போதும்.

விற்பதையும் தள்ளிவைக்கச் சொன்னேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, பொருள்களானால் 100 ஆண்டும் கையெழுத்துப் படிகளானால் 75 ஆண்டும் கடந்தவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. என்ன பொருள் என்றே தெரியாத நிலையில் கைமாற்றுவது சரியல்ல என்பதை வீட்டுக்காரரும் ஏற்றுக்கொண்டார்.

பார்த்தவை

மடக்கிய நிலையில் கருவி ஒரு சாணுக்குக் குறைவு. இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே ஒரு பள்ளம், இரு முனைகளிலும் தறையாணி. ஆணிகளின் தலை ஒன்று போல் இல்லை. சுத்தியலால் அடித்துப் பரப்பியது தெளிவாகத் தெரிந்தது. அலகின் அடியில் முத்திரையோ எழுத்தோ கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற ஊர்களிலிருந்து வந்த கத்திகளில் பெரும்பாலும் அலகின் அடிப்பகுதியில் செய்தவர் பெயர் அடித்திருக்கும். இது உள்ளூர்க் கொல்லரோ, பித்தளை வேலை செய்யும் கன்னாரோ செய்தது என்று நினைக்க அதுவே முதல் காரணம்.

அலகு நேரானது, குட்டையானது. நுனி கூராக இல்லை. விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. பாக்கு நறுக்கியிருந்தால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து பள்ளமோ பொக்கையோ இருக்க வேண்டும். எதுவும் இல்லை. மெல்லிய, மிருதுவான ஒன்றை நீள வாக்கில் நெடுங்காலம் சீவிய அலகு அது.

குருதி வடிக்கும் கருவியில் அலகின் பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும். அதை நாளத்தின் மேல் வைத்து, ஒரு கட்டையால் தட்டுவார்கள். இரண்டு மூன்று அலகுகள் இருந்தாலும் அவை ஒரே முனையில்தான் கோக்கப்பட்டிருக்கும். இதில் பல்லும் இல்லை. இரு முனைகளிலும் ஆணி இருந்தது. ஒரே ஒரு அலகுக்கு இரண்டு ஆணி எதற்கு?

டார்ச் விளக்கைப் பள்ளத்துக்குள் அடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. கத்தி அலகின் முதுகு என்று எல்லோரும் நினைத்திருந்தது, எதிர் முனையிலிருந்து மடங்கி உள்ளே படுத்திருந்த இன்னொரு உறுப்பு. துருவில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

திறக்காத முனை

நெம்பித் திறக்கலாம் என்ற யோசனை உடனே வந்தது. பித்தளைத் தகடு மெல்லியது. நெம்பினால் வளையும், ஒட்டிய உறுப்பு ஒடியும். பள்ளத்தில் இருந்த கறுப்பு அழுக்கில் கொஞ்சத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி, வெண்ணெய்த் தாளில் மடித்துத் தனியே வைத்தோம். அதன் பிறகே தையல் எந்திர எண்ணெயை ஊசி முனையால் தொட்டு அந்த ஆணியில் மட்டும் இட்டோம். எண்ணெய் ஊற அவகாசம் கொடுத்து, நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்துவந்ததில், ஒரு நாள் தானாகவே விட்டுக்கொடுத்தது.

வெளியே வந்தது ஒரு முள். அடியில் தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் முடியும் இரும்பு முள். தோல் தைப்பவரின் குத்தூசி என்று ஒருவரும், காலில் தைத்த முள்ளை எடுக்கும் கருவி என்று இன்னொருவரும் சொன்னார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. குத்தூசியின் நுனிக்குப் பட்டை உண்டு, சிலவற்றில் கொக்கியும் இருக்கும். தோலைக் கிழித்து வழி செய்ய அது தேவை. காலில் முள் எடுக்கும் கருவிக்குக் கூர்நுனி வேண்டும். இந்த முனையோ எல்லாப் பக்கமும் உருண்டு, மிக நுண்ணிய அளவில் மழுங்கி, கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. குத்துவதற்கோ கிழிப்பதற்கோ அல்ல, எதன் மேலோ ஓடுவதற்குச் செய்த முனை.

எழுத்தாணி என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. ஒரு பக்கம் ஓலையை வார, அதாவது விளிம்பைச் சீராக நறுக்க, கத்தியும் மறுபக்கம் எழுத முள்ளும் வைத்து, இரண்டையும் மடக்கிக்கொள்ளும்படி செய்தது மடக்கெழுத்தாணி. திண்ணைப் பள்ளிக் காலத்து எழுதுகருவிகளைப் பற்றிச் சொல்லும்போது உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் இந்த வகைகளை விவரித்திருக்கிறார். உருவம் அந்த விவரிப்போடு ஒத்துப்போனது. ஆனால் உருவம் ஒத்துப்போனது என்பதே வியாபாரியின் வாதமும். அதனால் பெயர் எழுதுவதை நிறுத்திவைத்து, வேறு வழியில் சரிபார்ப்பதென்று முடிவு செய்தேன்.

அத்தையின் சாட்சி

வீட்டுக்காரரின் அத்தை எண்பதைக் கடந்தவர். பிரிக்கப்படும் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, பரப்பி வைத்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கத்தியிடம் நின்றுவிட்டார்.

“இத ஏன்டா அருவாமணையோட போட்டு வச்சிருக்கீங்க? இது பலகையில வைக்கிற சாமான்.”

“எந்தப் பலகை, அத்தை?”

“சரசுவதி பூசைக்குப் புஸ்தகம் அடுக்குவோம்ல, அந்தப் பலகைதான். எங்க தாத்தா ஏட்டுக்கட்டுக்கு மேல இத வச்சு, சந்தனம் தொட்டு வைப்பாரு. அருவா, மம்பட்டியெல்லாம் கீழதான் இருக்கும். நாங்க தொட்டா அடிப்பாரு.”

அது என்ன கருவி என்று அவரிடம் கேட்டதற்கு, தெரியாது என்றார். தாத்தா அதை விரித்து அவர் பார்த்ததே இல்லை. இந்தப் பதிவில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது அதுதான். பெயர் தெரியாத ஒருவர், பெயரை முன்வைத்து நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே, அது எந்தப் பொருள்களோடு இருக்க வேண்டியது என்பதைச் சொல்லிவிட்டார். வெட்டும் கருவிகள் கீழே, நூல்கள் பலகையில் என்று பிரிக்கும் வீட்டில், கத்தி அலகு உள்ள ஒன்று பலகைக்குப் போயிருக்கிறது. வெற்றிலைக் கத்தியை யாரும் ஏட்டின் மேல் வைக்க மாட்டார்கள்.

தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோது இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தக் குடும்பம் ஊர்க் கணக்குப்பிள்ளைக் குடும்பம். 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கிராம முன்சீப், கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவிகளை ஒழிக்கும் வரை அந்த வேலை அவர்கள் கையில் இருந்தது. வீட்டுக்காரருக்கு இது தெரியாததல்ல. ஒரு கத்திக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

மரப்பெட்டியைத் தேடி எடுத்தோம். அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே, நூல் இற்றுப் பிரிந்த நிலையில் ஓலைகள் சில, விளிம்பு ஒடிந்து கிடந்தன. அவற்றோடு எழுத்தே இல்லாத மெல்லிய ஓலை நறுக்குகளும் இருந்தன. நீளமாக, நாடா போல, ஒரு பக்கம் இயற்கையான விளிம்பும் மறுபக்கம் கத்தி பட்ட நேர் விளிம்புமாக. குப்பை என்று கொட்டியிருக்கக்கூடியவை அவை. எழுதிய ஓலைகளில் தமிழ் எண்களும், வேலி, மா என்ற நில அளவுகளுக்கும் கலம், மரக்கால் என்ற நெல் அளவுகளுக்குமான குறிகளும் தெரிந்தன. 20 மா ஒரு வேலி, 12 மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கு ஓடிய ஊர் அது. பரணிலிருந்து இறங்கிய மரக்காலும் இதே கணக்கின் இன்னொரு பாதி என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஓலையில் பார்த்த சோதனை

மூலக் கருவியால் எழுதிப் பார்ப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம். பதிலுக்கு ஒரு கோணி ஊசியின் நுனியை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்து, லென்ஸில் பார்த்த முனையைப் போலவே உருட்டி வழவழப்பாக்கினோம். ஒப்பிட, தோல் தைக்கும் குத்தூசி ஒன்று. ஊரில் பனைவேலை தெரிந்த ஒருவர் ஓலையை ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்துக் கொடுத்தார்.

குத்தூசி முதல் கோட்டிலேயே நரம்பில் மாட்டி ஓலையைக் கிழித்தது. உருண்ட முனை வழுக்கிக்கொண்டு ஓடி, மேல்தோலை மட்டும் கீறி, மெல்லிய பள்ளம் விட்டது. நரம்போடு நீள வாக்கில் இழுத்த கோடு பிளக்கப் பார்த்தது. வளைத்து எழுதியது நின்றது. எழுதியவர் கையைக் கவனித்தபோது இன்னொன்றும் புரிந்தது. ஆணியை நகர்த்தி எழுத வராது. வலக்கைப் பிடிக்குள் ஆணி அசையாமல் நிற்க, இடக்கைக் கட்டைவிரல் ஓலையைத் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த நகத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதில் ஆணியைப் பொருத்தி எழுதுவது பழைய வழக்கம். கருவியின் பித்தளைத் தகட்டில் முள் இருக்கும் பக்கம் மட்டும் விரல் பட்டு மழமழத்திருந்ததற்கும், கத்திப் பக்கம் அப்படி இல்லாததற்கும் இந்தப் பிடி ஒரு காரணமாகப் பொருந்துகிறது.

கீறிய ஓலையில் எழுத்துத் தெரியவே இல்லை. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் பள்ளம் புலப்படும். விளக்குக்கரியை நல்லெண்ணெயில் குழைத்து மேலே தடவி, துணியால் துடைத்ததும் ஒவ்வொரு எழுத்தாகக் கறுத்து எழுந்து வந்தது. துடைத்த துணியும் விரல் இடுக்கும் கருவியின் பள்ளத்தில் இருந்த அதே கறுப்பு.

ஆனால் இந்தக் கறுப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. பரண் அடுக்களைக்கு மேலே இருந்தது. விறகடுப்புப் புகை அங்கே எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. மரக்காலின் உட்புறத்திலும் அதே கரிதான். சுரண்டி எடுத்த தூளை ஆய்வகத்தில் கொடுத்தாலும் கரி என்றுதான் சொல்லும், எந்தக் கரி என்பதைப் பிரிப்பது கடினம். தூள் இன்னும் வெண்ணெய்த் தாளிலேயே இருக்கிறது.

எட்டிய முடிவு

மடக்கெழுத்தாணி என்று எழுதினோம். முள்ளின் உருண்ட முனை, அலகின் சீரான தேய்மானம், அத்தை சொன்ன பூசைப் பலகை, கணக்குப்பிள்ளை வேலை, பெட்டிக்குள் கிடைத்த ஓலை நறுக்கு ஆகியவை ஒன்றையொன்று சாராமல் ஒரே இடத்தைக் காட்டின. இவற்றில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், பூசைப் பலகையையும் ஓலை நறுக்கையும் சொல்வேன். முனையின் வடிவத்துக்கு வேறு விளக்கம் யாராவது கொண்டுவரக்கூடும். ஓலை நறுக்கோடு ஒரே பெட்டியில் கிடந்ததற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம்.

குறிப்பில் ஆண்டு எழுதவில்லை. இருநூறு ஆண்டு என்று போட்டால் நன்றாயிருக்கும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். கொல்லர் அடித்த ஆணியும் பித்தளைத் தகடும் காலத்தைச் சொல்வதில்லை. காகிதம் வந்த பிறகும் ஓலையில் எழுதுவது பல வீடுகளில் தொடர்ந்தது. தவறான ஆண்டு ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்து வருகிறவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

தொடர்ந்து நடந்தவை

வியாபாரியிடம் பொருளைக் கொடுப்பதில்லை என்று குடும்பம் தீர்மானித்தது. பித்தளை தேய்க்கப்படவில்லை, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, இரு உறுப்புகளையும் பாதி விரித்த நிலையில் வைத்திருக்கிறோம், மறுபடி துருவில் ஒட்டாதிருக்க. ஓலைகளை வளைக்காமல், மென் தூரிகையால் தூசி தட்டி, தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்தோம். மஞ்சள் பூசலாமா என்று கேட்டார்கள். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் இடும் முறை சுவடி நூலகங்களில் உண்டு என்றாலும், இற்ற ஓலையில் எதை, எவ்வளவு இடுவது என்பதைப் பயிற்சி உள்ளவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒளிவருடல் (ஸ்கேன்) செய்து முடிக்கும் வரை எதுவும் இட வேண்டாம் என்று விட்டிருக்கிறோம்.

பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் காவிரிக்கரையில் இருந்தது. இந்த வீட்டிலும் ஒரு பெரிய கட்டு அப்படிப் போனதாக அத்தை சொன்னார். பெட்டிக்கு அடியில் கிடந்தவை தப்பியவை.

அடுத்த முறை மாற்றிக்கொள்பவை

வீடு பிரிக்கும் இடத்துக்குப் போனால், சாமானை இறக்கும் முன்பே பரணை அப்படியே படமெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எது எதோடு, எந்தத் துணியில், எந்தப் பெட்டியில் இருந்தது என்பதற்கு ஒரு படம் போதும். பெட்டியும் துணியும் ஒன்றாகவே எங்களிடம் வந்திருந்தால் ஓலை நறுக்கு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

படத்தேடலைக் கடைசியாக வைத்துக்கொள்வது. அது உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட பொருளைக் காட்டுகிறது; ஒரு சிற்றூர்க் கொல்லர் செய்ததற்கு அங்கே படம் இல்லாதபோது, கிட்டத்தட்ட அதைப் போன்ற அயல்நாட்டுப் பொருளை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒட்டிக்கொண்ட உறுப்புக்கு எண்ணெய் இடும் முன், பள்ளத்தை லென்ஸ் வழியே படமெடுத்துக்கொள்வதையும் சேர்த்திருக்கிறேன். எண்ணெய் பட்ட பிறகு அழுக்கு இருந்த விதம் மாறிவிடுகிறது.

என் பதிவுப் படிவத்தில் நீளம், அகலம், உலோகம், சேதம் என்ற கட்டங்கள்தான் முன்பு இருந்தன. இப்போது அவற்றுக்கு மேலே மூன்று கேள்விகள் இருக்கின்றன: வீட்டில் இது எங்கே வைக்கப்பட்டிருந்தது, எந்த நாளில் வெளியே எடுத்தார்கள், யார் தொடக் கூடாது என்றிருந்தது. அவற்றை வீட்டின் மிக மூத்த பெண்மணியிடம் கேட்டு, பொருளின் பெயரை நாங்கள் சொல்வதற்கு முன்பே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்கிறோம்.